குளிர்ந்த எஞ்சினின் சத்தம்

எஞ்சினில் கோளாறு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது காது கொடுக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. வண்டியை வீட்டிலிருந்து எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தையில் காய்கறி வாங்கி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகு எங்களிடம் கொண்டுவருவார்கள். "காலையில டிக் டிக்னு சத்தம் வந்துச்சு, இப்போ வரமாட்டேங்குது" என்பார்கள். வராது. இரும்பு சூடானால் விரியும். விரிந்தால் சின்ன விரிசல்கள் மூடிக்கொள்ளும். சத்தம் நின்றுவிட்டது என்பதால் விரிசல் போய்விட்டது என்று ஆகாது.

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். கோப்பையில் மீன் வாடை வருகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. மல்பேயில் எல்லாக் கோப்பையும் அப்படித்தான்.

என் தங்கை ஜலஜாட்சியும் அவள் கணவர் சேசப்ப சாலியானும் ஆகும்பே மலைப்பாதையில் வேனுக்குள் இறந்து கிடந்தது எப்படி என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பாதிதான் புரியும். அரைகுறையாகப் புரிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது.

உடுப்பியில் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் முன்மேசையில் இருக்கிறேன். நான் ஸ்பானர் பிடிப்பவன் இல்லை. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு, இது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியதா, இல்லை உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதா என்று சொல்வதுதான் என் வேலை. வெள்ளைச் சட்டை, ஏசி அறை. பின்னால் நீலப் புகை வந்தால் எஞ்சின் தன் ஆயிலைத் தானே தின்கிறது என்று சொல்வேன். வெள்ளைப் புகை விடாமல் வந்து, அதில் ஒரு தித்திப்பு வாடையும் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்து எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்கச் சொல்வேன். பால் காப்பி நிறத்தில் குழைந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஓட்டி வருகிறேன் என்றாலும் விட மாட்டேன், இழுவை வண்டி அனுப்புவேன்.

போன வருஷம் ஒரு வங்கி மேலாளர் வந்தார். "தினமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துறேன், குடிச்சுட்டு நல்லாத்தான் ஓடுது மாராயா" என்றார், ஊரில் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி.

"ஊத்துற தண்ணி எங்க போகுதுன்னு யோசிச்சீங்களா சார்?"

"எங்க போகும்? வண்டிக்குத் தாகம். எனக்கு எடுக்கல?"

கிணற்றுத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றியிருக்கிறார். பிரித்துப் பார்த்தபோது பாசியும் துருவும் கலந்து சளிபோல ஒழுகியது. அதிலே ஒரு தவளைக் குஞ்சின் தோல் வேறு. எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனிதர்கள் தங்கள் வண்டிக்குள் எதை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களும் அவர்கள் கையால் வாங்கிக் குடிக்க மாட்டீர்கள்.

அசிங்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி எனக்குப் பிறவியிலேயே இல்லை. இத்தனைக்கும் நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போனவர். அவர் திரும்பி வந்து என்னைத் தூக்கினால் மூச்சை அடக்கிக்கொள்வேனாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்குப் போகும். அண்ணன் அதில் இருக்கலாம், சாப்பிடலாம், பெரியவனாக மரியாதை பெறலாம். ஆனால் வீடு அவளுடையது. அம்மா போன பிறகு ஜலஜா தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாடி அறையில் இருந்தேன். மைத்துனர்கள் என்ற முறையில் நானும் அவரும் ஒருவரையொருவர் பாவா என்றுதான் கூப்பிடுவோம். சேசப்ப பாவாவுக்குத் தொழில் கருவாடு. இங்கே வாங்கி, காயவைத்து, மலைக்கு மேலே தீர்த்தஹள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். மழைக்காலத்தில் கடலில் மீன் பிடிக்க மாட்டார்கள், கருவாட்டுக்கு அதுதான் பருவம். அதே மழைதான் அதை முற்றத்திலிருந்து வீட்டுக்குள் தள்ளும். கூடத்தில் சுறா. அடுக்களைப் பரணில் நெத்திலி. பூஜை அறை வாசல் வரை கானாங்கெளுத்தி மூட்டை. ஈரம் பட்ட மூட்டைக்குள்ளிருந்து வெள்ளையாகப் புழு நெளிந்து வரும். பாவா அதை விரலால் சுண்டிவிட்டு அதே விரலால் வெற்றிலை மடிப்பார்.

நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அவருடைய கை, தலைமுடி, சிரிப்பு எல்லாவற்றிலும் அந்த வாடை இருந்தது. அவ்வளவுதான்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இங்க ஏசிக்குள்ள எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?" என்று கேட்டார். எங்கள் பையன்கள் ஏசியைத் திறந்தார்கள், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் என் பக்கத்தில் வந்து நின்று முகர்ந்துவிட்டு, ஏசியை மூடப் போய்விட்டான். என் சட்டை. மழைக்கு வீட்டுக்குள் காயப்போட்ட சட்டை. அன்று சாயங்காலம் மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, மேசையில் ஒரு வாசனைத் திரவியப் புட்டியை வைத்து, "தப்பா எடுத்துக்காதீங்க பூவப்பண்ணா" என்றார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது நியாயம்தானே.

இனி வேன். சின்ன வேன்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எஞ்சின் முன்னால் மூக்கில் இல்லை, முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவர் ஒரு விதத்தில் எஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினில் எரிந்த புகை ஒரு வார்ப்பிரும்புக் குழாய் வழியாக வெளியேறி, தரைக்கு அடியில் ஓடி, பின்னால் சைலன்சருக்குப் போகிறது. அந்தக் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் விரிசல் விட்டால் புகை பின்னால் போகாமல் அங்கேயே, இருக்கைக்கு அடியிலேயே, கசியும். அதன் முதல் அடையாளம்தான் நான் சொன்ன டிக் டிக். குளிர்ந்த எஞ்சினில் கேட்கும், சூடானதும் அடங்கும்.

கோடையில் ஒரு காலை முற்றத்திலிருந்து பாவா கூப்பிட்டார். "பாவா, கொஞ்சம் கீழ வாங்க. டாக்டர் காது உங்களுக்கு. இது என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

கேட்டேன். சந்தேகத்துக்கு இடமே இல்லாத சத்தம். என் மேசைக்கு வந்திருந்தால், அன்றே வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லியிருப்பேன்.

"வயசான எஞ்சின் பாவா. பல் ஆடுற மாதிரி. சூடானா சரியாயிடும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அது சூடானது. சத்தம் நின்றது.

"பாத்தியா ஜலஜா? நாடி பிடிச்சே சொல்லிட்டார். பெரிய எடத்து மனுசன் வீட்டுலயே இருக்காரு, நான் எதுக்கு மெக்கானிக் கால்ல விழணும்?" என்று சிரித்தார். அவரைப் பொறுத்தவரை வண்டி விஷயத்தில் என் வாக்கு தெய்வ வாக்கு.

அந்த நிமிஷம் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, சார். சரியான பதிலைச் சொல்லவில்லை, அவ்வளவே. கேட்காத வாடிக்கையாளருக்கு நான் எதையும் சொல்வதில்லை. அவர் கேட்டார் என்று நீங்கள் சொல்லலாம். கேட்டார்தான்.

வேனின் பின்பகுதியில் மீன் மூட்டைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அவர் இல்லாதபோது தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். அடியில் கறுப்பாக ஒரு கூழ். செதில், மணல், ஈ முட்டை, எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறி அசைந்துகொண்டிருந்தன. அந்தக் கூழுக்கு அடியில் தகரம் இல்லை. உப்பு அதைத் தின்றுவிட்டிருந்தது. கைவிரல் நுழையும் ஓட்டைகள். கீழே தரை தெரிந்தது, புகைக்குழாயும் தெரிந்தது. வாந்தி வந்தது. வேலியோரம் போய் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, விரிப்பைப் பழையபடி போட்டு வைத்தேன்.

பள்ளிக்கூட விஷயம் அதற்குப் பிறகு. அவர்களுடைய ஒரே மகள் சாந்நித்யா, ஏழாவது படிக்கிறாள். பாவா அவளை வேனில் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் பள்ளி வாசலில் ஒரு பெண் தன் பிள்ளையின் மூக்கை முந்தானையால் மூடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். குழந்தை வீட்டுக்கு வந்து அழுதாள். பாவா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், முற்றத்தில் அடுப்பு மூட்டி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பஞ்சுத் திரி.

"என்ன பாவா, படகு ஏதாச்சும் ரிப்பேரா?"

"படகு இல்ல, வேனு. கதவு, கண்ணாடி ஓரம், பின்கதவு எல்லாத்தையும் அடைச்சுடறேன். அப்பன் அடைச்ச படகுல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததில்ல. நான் அடைக்கற வேனுல ஒரு சொட்டு வாடை வெளிய போகாது. பாருங்க."

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. படகுப் பலகைகளின் இடைவெளியில் பஞ்சைத் திணித்து, உளியால் தட்டி, மேலே குங்கிலியம் பூசுவார்களே, அதே வேலை. மிகச் சுத்தமாகச் செய்தார். எஞ்சின் பக்கம் ஏதோ கசிகிறது என்று அவருக்கும் கொஞ்சம் தோன்றியிருக்கிறது. அந்த விரிசலின்மேலும் குங்கிலியத்தைப் பூசினார். சூட்டில் அது உருகி எரிந்து, வண்டிக்குள் கோயில் சாம்பிராணிபோல மணந்தது.

"எப்படி இருக்கு பாவா?"

"கெட்டிக்கார வேலை" என்றேன். "தரையில மட்டும் அடைக்கலயே?"

"உப்புத் தண்ணி வடியணுமே, மாராயா. படகுலயும் வடிகால் விடுவோம்ல?"

புகையில் மனிதனைக் கொல்லும் பகுதிக்கு வாடையே கிடையாது, சார். நிறமும் இல்லை. கண்ணும் எரியாது. ரத்தத்தில் காற்று ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும், இறங்காது. அதோடு சேர்ந்து வரும் மற்ற புகையின் நாற்றம்தான் நம்மை எச்சரிக்கும். அந்த வேனில் நாற்றத்தை மீன் மூடியது. மீதியைக் குங்கிலியம் மூடியது. வாடை வெளியே போகும் வழியெல்லாம் அடைத்தாயிற்று. புகை உள்ளே வரும் வழி மட்டும் திறந்திருந்தது. இதை நான் செய்யவில்லை. இது முழுக்க அவர் கைவேலை. நான் பாராட்டினேன்.

அதன் பிறகு அவருக்குத் தலைவலி. சாந்நித்யா பள்ளிக்குப் போய் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். வண்டிக்குள் ஏறினால் தலைவலி, இறங்கி நடந்தால் தெளிவு என்று யார் வந்து சொன்னாலும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோவில் அனுப்பிவிட வேண்டும். அது எஞ்சின் கோளாறிலேயே மோசமானது. வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் மீன்மேல் பழி போட்டார்கள். ஜலஜா சொன்னாள், "அண்ணா, உனக்கு மட்டும்தான் இந்த வாடை ஒத்துக்காதுன்னு நெனச்சேன். இப்போ கொழந்தைக்கும் ஒத்துக்க மாட்டேங்குது. உன்ன மாதிரியே வந்துருக்கா."

"அவ இனிமே பஸ்ல போகட்டும். வேனுல ஏத்தவே வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் ஏறவில்லை. அந்தக் குழந்தையின்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு இது ஒன்றே போதும். நீங்கள் இதை வேறு விதமாக எழுதிக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. எழுதுங்கள்.

சில நாளில் சத்தம் சூடான பிறகும் நிற்காமல் போனது. விரிசல் பெரிதாகிவிட்டது, இனிமேல் விரிந்து மூடிக்கொள்ளாது என்று பொருள். பாவா மறுபடி கேட்டார். சைலன்சர் பழசு, மழைக்காலம் முடியட்டும், நானே எங்கள் சென்டரில் நல்லதாக ஒன்று போடவைக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான் வெகுநேரம் கை கழுவினேன்.

அந்தச் சனிக்கிழமை தீர்த்தஹள்ளிக்குச் சரக்கு. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில், ஆகும்பேயிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த, என்னோடு வேலை செய்பவர் போன் செய்தார். ஆகும்பே ஏற்றத்தில் பெரிய மரம் விழுந்து, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, தான் வேலைக்கு வரத் தாமதமாகும் என்றார். போனை வைத்துவிட்டுக் கீழே வந்தேன். பாவா மூட்டை ஏற்றி முடித்திருந்தார்.

ஓடுகிற வண்டியில் எப்படியும் கொஞ்சம் காற்று வந்துபோகும். நிற்கிற வண்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், வராது. மழையில் யாரும் கண்ணாடியை இறக்க மாட்டார்கள். கூட்டம் நிற்கிற இடமென்றால் பாவா கட்டாயம் இறக்க மாட்டார், வெளியில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்துவார்களே. ஆனால் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தால் எல்லாரும்போல அவரும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார். அது ஒன்றுதான் இடித்தது.

"பாவா, உங்க பேட்டரி வீக்கா இருக்கு" என்றேன். "வழியில எங்க நின்னாலும் எஞ்சின ஆஃப் பண்ணிடாதீங்க. மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மலையில தள்ளக்கூட ஆள் கெடைக்காது."

"நல்ல வேள சொன்னீங்க. இல்லன்னா அந்த மழையில நான் வேனையும் மீனையும் தலையில தூக்கிட்டுல்ல வரணும்" என்று சிரித்தார்.

அப்போதுதான் ஜலஜா குடையோடு வெளியே வந்தாள். மலைக்கு மேலே யாரோ சொந்தக்காரப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், பார்த்துவிட்டு அவரோடு சாயங்காலம் திரும்புகிறேன் என்றாள். இது நான் எதிர்பார்க்காதது. அவள் ஏற வேண்டாம் என்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது? பொய்யான காரணம் சொல்ல எனக்கு வராது.

அவள் என் முன்னால் நின்று, "சட்டை எவ்ளோ வெள்ள பாரு, மாப்பிள்ளையாட்டம்" என்று சொல்லி, தோளில் ஏதோ தூசியைத் தட்டினாள். அதற்குச் சற்று முன்புதான் மூட்டைக்கு வாய் கட்டியிருந்தாள். தோளில் நாலு விரல் அடையாளம், கொழகொழவென்று ஒரு செதில். குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்தபோது அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். சாரல் அடித்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏற்றினாள். குங்கிலியம் பூசிய விளிம்பு கச்சிதமாகப் பொருந்தியது.

வேன் போன பிறகு சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரு புதுத் தம்பதி வந்திருந்தார்கள், வண்டியில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகிறது என்று. அப்படி ஏறினால் அப்படியே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, முகம் வெந்துவிடும் என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண், "இவ்ளோ பொறுமையா யாருமே சொன்னதில்ல சார்" என்றாள்.

மரத்தை அறுத்து வழிவிட மத்தியானம் ஆகியிருக்கிறது. எல்லா வண்டியும் நகர, இது மட்டும் நகரவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கி வந்து திட்டிக்கொண்டே கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். இரண்டு பேரும் தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்தாராம். முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமாக இருந்ததாம். அந்தப் புகை அப்படித்தான் செய்யும். பிணவறையில் நானும் பார்த்தேன். ஜலஜா பத்து வயது குறைந்தவள்போல இருந்தாள். வாடை மட்டும் அப்படியே இருந்தது.

பழைய வேன், ஓட்டை உடைசல், அவரே பூசிய குங்கிலியம் என்று எல்லாரும் விதியை நொந்துகொண்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை எல்லாம் வெளியேற்றினேன். பினாயில் போட்டுச் சுவர் வரை கழுவினேன். பரணில் சுண்ணாம்பு அடித்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் ஆழமாக மூச்சு விட்டேன்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சாந்நித்யா கேட்டாள். "அப்பாவோட மீன் நாத்தத்துலதான் ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. ஆமாவா மாமா?"

தவறான விளக்கத்தை என்னால் தாங்க முடியாது. அதிலும் ஒரு குழந்தை அதை வாழ்நாளெல்லாம் சுமந்துகொண்டு போவதை. தட்டை வேன் என்றேன், டம்ளரை எஞ்சின் என்றேன். விரிசல் எங்கே, ஓட்டை எங்கே, புகை எப்படி ஏறியது, ஏன் வலிக்கவில்லை என்று நிதானமாகச் சொன்னேன். மீனால் யாரும் சாகவில்லை என்றேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எஞ்சின ஆஃப் பண்ணியிருந்தா?"

"பொழச்சிருப்பாங்க. கண்ணாடிய எறக்கியிருந்தாலும் பொழச்சிருப்பாங்க."

"அப்புறம் ஏன் மாமா ஆஃப் பண்ணாதீங்கன்னு அப்பாகிட்ட சொன்னீங்க?"

அன்று காலை அவள் பள்ளிப் பையோடு வாசற்படியில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"பேட்டரி வீக்கா இருந்துச்சும்மா."

"அது புது பேட்டரி. யுகாதிக்கு அப்பா மாத்தினாரு. நான்தான் டார்ச் புடிச்சேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். மறுநாள் டீச்சரிடம் சொன்னாள், டீச்சர் உங்களிடம் சொன்னார். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை, சார். எத்தனையோ படித்தவர்கள் என் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரிந்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது சாலியான் வீட்டுப் புத்தி இல்லை. தாய்வழிதான் எங்களுக்குக் குலம், அவள் எங்கள் குலத்துப் பெண்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக இருந்தது எனக்குத் தெரியும். மரம் விழுந்தது தெரியும். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஏறக்குறையத் தெரியும். ஜலஜா ஏறியது தெரியும். அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னது நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தையைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தை வீட்டில் விட்டு வைத்திருக்கிறீர்கள். நேற்று ஜீப்பிலிருந்து பார்த்தேன். அந்தப் பெண் மீன் கூடையை இறக்கிவிட்டு நேராக வந்தாள், இடுப்புச் சேலையெல்லாம் செதில். சாந்நித்யா ஓடிப்போய் அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விலகவே இல்லை. மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள், சார், என் கண்ணால் பார்த்தேன். அவளை அங்கே வைத்திருக்காதீர்கள். வாடை ஒட்டிவிடும். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே இப்போது எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது.